நூற்றுக்குப் பதினைந்து

எங்கள் வீட்டில் ஏஜென்ட் என்ற சொல்லை
யாரும் சொல்வதில்லை.
அண்ணன் ததேயுவுக்குக் குவைத் விசா என்று
தொண்ணூறாயிரம் வாங்கிக்கொண்டு
திருவனந்தபுரத்தில் ரயிலேறியவன்
இன்னும் எங்கும் இறங்கவில்லை.
அதனால் அம்மாவிடம் மறைத்தேன்
நானும் ஒரு ஏஜென்டைத் தேடுகிறேன் என்பதை.

குளச்சல் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறேன்,
பதினோரு வருஷமாய்.
யார் வள்ளம், எத்தனை குட்டை சாளை,
என்ன விலைக்குப் போனது, தரகு எவ்வளவு.
பேரேட்டின் இடப்பக்கம் மீன்.
வலப்பக்கம், மதியம் கூடம் கழுவிவிட்ட பிறகு,
ஐஸ் ஆலை நடத்திய ஒருத்தியின் கதை.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சில பக்கங்களில் செதில் ஒட்டியிருக்கும்.

கருங்கலில் தட்டச்சு செய்துதந்த ஷைனி
நூற்றி எண்பதாம் பக்கத்தில் நிறுத்தி
போன் போட்டாள்:
"இவ சாவாளா? இப்பவே சொல்லிருங்க.
செத்தா நான் நாளைக்குத்தான் அடிப்பேன்."

முதல் ஏஜென்ட்: எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை.
இரண்டாமவர்: விடுமுறையில் இருக்கிறேன்.
எட்டு மாதமாய் விடுமுறையில் இருக்கிறார்.
மூன்றாமவர் படிப்பதற்கு ஐயாயிரம் கேட்டார்.
அண்ணன் ஞாபகம் வந்தது.
அழித்தேன்.

நான்காவது இடத்தில், கதையை
ஒரே பக்கத்தில் சுருக்கி அனுப்பு என்றார்கள்.
குடலெடுத்து, உப்பிட்டு,
மூன்று நாள் மணலில் காயப்போட்டேன்.
கருவாடு சரியாகத்தான் வந்தது.
நீந்தியது என்று அதைப் பார்த்து
யாரால் சொல்ல முடியும்?

இங்கிலீஷில் மூன்று அத்தியாயம் வேண்டுமென்றார்கள்.
நாகர்கோவிலில் கல்லூரி டீச்சர் விஜிலா
சனிக்கிழமைகளில் உட்கார்ந்து தந்தாள்.
கச்சானை மேற்குக் காற்று என்று எழுதியிருந்தாள்.
திசை சரிதான் டீச்சர்.
ஆனால் அது அடிக்கிறபோது
வட்டிக்காரன் வீட்டுக்கு வருவானே,
அவனை எங்கே விட்டீர்கள்?
விஜிலா பேனாவை மூடி வைத்துவிட்டு
இன்னொரு காப்பி சொன்னாள்.
கடைசியில் கச்சானை கச்சான் என்றே விட்டோம்.

பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தபோது
கரையில் சூரை வந்து குவிந்திருந்தது.
மாளவிகா என்றாள். உடைந்த தமிழ்.
பாதி கேட்கவில்லை.
"நாவல் பிடிச்சிருக்கு" என்பது கேட்டது.
"நூற்றுக்குப் பதினைந்து" என்பது
மிகத் தெளிவாகக் கேட்டது.
"பத்து" என்றேன்.
நான் சொல்லவில்லை, பதினோரு வருஷம் சொன்னது.
மறுமுனையில் மூச்சில்லை.
என் முதுகுக்குப் பின்னால் மரியதாசன்
ரெண்டாயிரத்து நானூறு ஒரு தரம், என்று கூவ,
"ஐயோ, வேற யாராவது கேக்கிறாங்களா?" என்றாள்.
"அது சூரைக்கு."
சிரித்தாள். ஆனாலும் இறங்கவில்லை.
பதினைந்திலேயே நின்றாள்.
அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து.
சாப்பாட்டு மேசையில் அம்மா பிடித்துவிட்டாள்.
"ஊரு மீனுக்கெல்லாம் கணக்கு எழுதுற,
ஒன் மீன விக்க ஒருத்தியா?
எவ்வளவு குடுத்த?"
ஒண்ணும் குடுக்கல. வித்தாத்தான் அவளுக்கு.
"விக்கலன்னா?"
அவளுக்கும் இல்ல.
அம்மா தட்டிலிருந்த முள்ளை
ஓரமாய் ஒதுக்கினாள். ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.
"அப்போ அவ ஏஜென்ட் இல்ல.
தரகிண்ணு சொல்லு மொதல்ல."

ஏழு மாதம்.
இரண்டு பதிப்பகம் வேண்டாமென்றுவிட்டது.
மூன்றாவதில் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்களாம்,
யாரென்று மாளவிகா சொல்லமாட்டேன் என்கிறாள்.
இன்று கச்சான்.
ஒரு வள்ளமும் இறங்கவில்லை.
வட்டிக்காரன் பைக் சத்தம்
இரண்டு தெரு தள்ளிக் கேட்கிறது.
பேரேட்டின் இடப்பக்கமும் காலி.
தேதி மட்டும் போட்டுவிட்டு
இங்கேயே தொடங்குகிறேன், அடுத்ததை.